திரும்பும் பாதையை முதலில் போடுங்கள்: சைக்ளடீஸ் தீவுகளில் ஒரு வாரப் பாய்ப்படகு

ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுத்தால் ஏழு நாளும் பாய் விரிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிரீஸில் வாடகை வாரம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் தொடங்கி அடுத்த சனி காலை 9 மணிக்கு முடியும். படகு வெள்ளி மாலையே தளத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். முதல் சனி மாலை சரிபார்ப்பிலும் மளிகை ஏற்றுவதிலும் போய்விடும். மிஞ்சுவது ஆறு பகல். இரவில் ஓட்டக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருப்பதால் பகல் என்றால் பகல்தான்.

இந்த ஆறு பகலுக்குள் சாண்டோரினி போய்வர முடியுமா என்பதே பலரின் முதல் கேள்வி. போகலாம், திரும்புவதுதான் பாடு. ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோ துறைமுகத்திலிருந்து சாண்டோரினி சுமார் 100 கடல் மைல். போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். அங்கே எரிமலைக் குழி ஆழமானது என்பதால் நங்கூரம் போட இடமும் அரிது. ஒரு வாரத்துக்கு அதை மறந்துவிடலாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது மெல்டெமி. பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கி மேல் தாழ்வழுத்தம், இடையில் ஏஜியன் கடல் முழுக்க வீசும் வடகாற்று. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம். 7, சில நாள் 8 வரை போகும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மேகம் முன்னறிவிப்புத் தராது. பிடித்தால் மூன்று நாளும் வீசும், வாரம் முழுக்கவும் வீசும்.

அதனால் வரைபடத்தைத் திறந்ததும் திரும்பும் கால்களின், அதாவது பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தின், திசையைத்தான் முதலில் அளக்க வேண்டும். கித்னோஸ் தீவின் லூத்ராவிலிருந்து லாவ்ரியோவுக்குத் திசை, வடக்கை 0 என்று கொண்டால், ஏறத்தாழ 312 டிகிரி, தூரம் 25 மைல். காற்று வடக்கு-வடகிழக்கிலிருந்து, அதாவது 20 டிகிரியிலிருந்து வந்தால் படகுக்கும் காற்றுக்கும் இடையே 68 டிகிரி. 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம். அதுவே நேர் வடக்கிலிருந்து வந்தால் கோணம் 48 டிகிரிக்குச் சுருங்கிவிடும். வாடகைப் படகின் தளர்ந்த பாய்களுடன், இரண்டு மீட்டர் அலையில், 25 நாட் காற்றில் 55 டிகிரியைவிடக் குறைந்த கோணத்தில் காற்றை நெருங்க முடியாது. போதாததற்குப் படகு பக்கவாட்டிலும் நழுவும். டாக் அடித்து டாக் அடித்து, அதாவது காற்றுக்கு இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்துதான், ஏற வேண்டும். இலக்கை நோக்கிய நிகர வேகம் மூன்றரை நாட்டுக்கு இறங்கினால் அதே 25 மைலுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 20 டிகிரி வித்தியாசம் பயணத்தையே மாற்றிவிடும்.

ஆகவே நீளமான கால்களைப் போகும் வழியில் வையுங்கள், திரும்பும் வழியைத் துண்டு துண்டாக உடையுங்கள். ஞாயிறு விடியற்காலை லாவ்ரியோவிலிருந்து நேராக சீரோஸ் தீவின் ஃபினிகாஸ், 45 மைல், ஒன்பது மணி நேரம். காற்று பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் படகுக்குப் பிடித்தமான ஓட்டம். திங்கள் ஃபினிகாஸிலிருந்து பாரோஸ் தீவின் நௌசா, 26 மைல். செவ்வாய் ஓய்வு. புதன் மீண்டும் ஃபினிகாஸ். வியாழன் லூத்ரா, 22 மைல், காற்று நேர் பக்கவாட்டில். வெள்ளி லாவ்ரியோ. மொத்தம் 144 மைல்.

செவ்வாய் ஒன்றுதான் கையிருப்பு நாள். திங்கள் இரவு முன்னறிவிப்பைப் பார்த்துப் புதன் முதல் 7 என்று தெரிந்தால், பாரோஸைச் சுற்றிப் பார்க்கும் ஆசையை ஓரம் கட்டிவிட்டுச் செவ்வாயே கிளம்புங்கள். ஞாயிறு காலையிலேயே வாரம் முழுக்க 6, 7 என்று காட்டினால் பாரோஸ் வேண்டாம். சீரோஸோடு திரும்பினால் மூன்று நாள் கையில் நிற்கும். ஃபினிகாஸிலிருந்து தீவின் தலைநகர் எர்மூபோலிக்குப் பேருந்து இருக்கிறது, ஊரும் அழகு. கிரேக்க வானிலைத் துறையின் கடல் அறிக்கை, பொசைடன் எனும் கிரேக்கக் கடல் முன்னறிவிப்பு மாதிரி, கைபேசிச் செயலி ஒன்று என மூன்றையும் ஒப்பிட்டு, மூன்றில் மோசமானதை நம்புவது நல்லது. காற்று பலமானால் துறைமுகப் போலீஸ் வெளியேறத் தடை போடலாம், எனவே வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையைக் கேட்டபடி இருங்கள்.

லாவ்ரியோவுக்குக் கிழக்கே இரண்டு மைலில் நீளமாகப் படுத்திருக்கிறது மக்ரோனிசோஸ் தீவு. அதன் மறைவில் கடல் தணிந்திருக்கும், முழுப் பாய் விரிக்கக் கை துறுதுறுக்கும். தென்முனையைத் தாண்டியதும், அதற்கும் கியா தீவுக்கும் இடையிலுள்ள கியா நீரிணையின் காற்று அப்படியே அறையும். கூடவே பெரிய கப்பல்களின் போக்குவரத்து. ஆகவே முனைக்கு வருவதற்கு முன்பே இரண்டாம் ரீஃப் (பாயைச் சுருக்கும் இரண்டாம் படி) வரை பாயைச் சுருக்கிவிடுங்கள். மாஸ்ட்டுக்குள் (பாய்மரத் தூணுக்குள்) சுருளும் பிரதான பாய் என்றால் படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, பாயின் பின்மூலையை வெளியே இழுக்கும் அவுட்ஹால் கயிற்றை இலேசாக இழுத்துப் பிடித்தபடி சுருட்ட வேண்டும். தளர விட்டால் துணி மடிந்து பிளவுக்குள் சிக்கும். 30 நாட்டில் பாதி வெளியே நிற்கும் பாயை எடுக்க ஆள் மேலே ஏற வேண்டியிருக்கும். உயரமான தீவுகளின் தென்புறத்தில் கரையை ஒட்டிப் போனால் அலை இருக்காது, ஆனால் மலையிலிருந்து இறங்கும் வீச்சு திறந்த கடலைவிடக் கடுமையாக இருக்கும்.

எதிர்காற்று என்றால் எஞ்சின் போட்டுப் போய்விடலாமே என்பார்கள். 144 மைலையும் எஞ்சினிலேயே ஓட்டினாலும் 6 நாட் வேகத்தில் 24 மணி நேரம், மணிக்கு 4 லிட்டர் என்றால் சுமார் 100 லிட்டர். 200 லிட்டர் தொட்டிக்கு அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை தொட்டியின் அடியில். பல பருவங்களாகப் படிந்த கசடு அமைதியான கடலில் அசையாது. படகு தூக்கித் தூக்கிப் போடும்போது கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் வேகம் ஏறி இறங்கும், பிறகு நின்றுவிடும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். முதல் சனிக்கிழமை படகை உங்களிடம் ஒப்படைக்கும்போதே வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ கறுப்புத் துகளோ தெரிந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். மாற்று வடிகட்டியும் இம்பெல்லரும் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பம்பின் சக்கரம்) கையில் வாங்கிக்கொண்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகு எது என்று காட்டச் சொல்லிவிடுங்கள்.

அதே சனிக்கிழமை, நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மின் விஞ்சின் பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். சங்கிலியை ஏற்றும்போது எஞ்சினால் படகை நங்கூரத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே ஏற்ற வேண்டும். விஞ்சைக் கொண்டே படகை இழுத்தால் பிரேக்கர் விழும். சங்கிலியில் எத்தனை மீட்டருக்கு ஒரு நிறம் என்று எழுதி வையுங்கள். மின்கலம் ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது, குளிர்பெட்டியை இரவு முழுக்க ஓட விட்டால் காலையில் கஷ்டம்.

துறைகளில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து, முன்பக்கம் நங்கூரம் போட்டு நிற்பதுதான் வழக்கம். நாலைந்து படகு நீளத்துக்கு வெளியே நங்கூரத்தை இறக்கி, 40 முதல் 50 மீட்டர் சங்கிலி விட்டபடி பின்னோக்கி வாருங்கள். பாதி வழியில் ஒருமுறை இழுத்துப் பார்த்து, பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காற்று பக்கத்திலிருந்து தள்ளினால் கட்ட வேண்டிய முதல் கயிறு காற்று வரும் பக்கத்துக் கயிறு. லூத்ரா சிறிய துறை, பிற்பகலுக்குள் நிரம்பிவிடும். இடம் இல்லையென்றால் தீவின் மேற்கே கொலோனா விரிகுடாவில் மணல் தரையில் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் நிற்கலாம். நௌசாவில் இடமில்லை என்றால் அதே விரிகுடாவின் வடமேற்கு மூலையில் அயியோஸ் யோவானிஸ் இருக்கிறது, வடகாற்றுக்கு நல்ல மறைவு.

ஆறு பேருக்குக் குடிநீர் நாளுக்கு 18 லிட்டர், புட்டிகளில் தனியாக. தொட்டி நீர் கழுவவும் குளிக்கவும். ஆளுக்கு 15 லிட்டர் என்று பார்த்தால் 400 லிட்டர் தொட்டி நான்கு நாளைக்கு வரும். ஒன்பது மணி நேர ஓட்டத்தன்று கீழே போய்ச் சமைக்கிறவருக்குத்தான் முதலில் குமட்டும், அதனால் புளிச்சாதமோ சாண்ட்விச்சோ காலையிலேயே கட்டி வைத்துவிடுங்கள். கடல் குமட்டலுக்கு ஸ்டூஜெரான் மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும்; வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

காகிதம்: கிரீஸ் ஏற்கும் கேப்டன் உரிமம் ஒருவரிடம், படகு அனுபவம் உள்ள இன்னொருவர், எல்லோர் பெயரும் உள்ள பட்டியல். உரிமம் ஏற்கப்படுமா என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா. விலைப்பட்டியலில் கடைசித் துப்புரவு, டெபாசிட் அல்லது அதற்கான காப்பீடு, டெபாய் எனும் கடல் வரி ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வெள்ளியன்று லூத்ராவிலிருந்து 6 மணிக்கே கயிறு அவிழ்த்துவிடுங்கள். காலையில் காற்று பல நாட்களில் சற்றுத் தணிந்திருக்கும். நேர் வடக்காக இருந்தாலும் பிற்பகல் 2 மணி வாக்கில் லாவ்ரியோ வந்துவிடலாம். டீசல் நிரப்ப அன்று எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும். அடிப்பகுதியைச் சோதிக்க முக்குளிப்பவர் இறங்கும்போது உங்களில் ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள். டெபாசிட்டில் கை வைப்பது அந்த அறிக்கையை வைத்துத்தான்.