கொல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸின் கல்லறைக்குப் போனேன்

ஹவுரா ஸ்டேஷனில் டாக்சி பிடிக்காதீர்கள். பார்க் ஸ்ட்ரீட் என்றதும் மஞ்சள் டாக்சிக்காரர் 500 ரூபாய் கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெளியூர்க்காரன் என்று தெரிந்தாலே இந்தக் கொள்ளைதான். ஸ்டேஷனிலேயே மெட்ரோ இருக்கிறது. 2024இல் திறந்த இந்தப் பாதை ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடி எஸ்பிளனேடு போகும். அங்கே மாறினால் அடுத்த நிறுத்தம் பார்க் ஸ்ட்ரீட். டாக்சிக்காரர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அங்கிருந்து கிழக்கே மல்லிக் பஜார் வரை நடந்தால் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். 1767இல் தொடங்கியது. கொசுவர்த்தி கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவு கொசு. ஆனால் உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோனது. செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய கோபுரங்களும் மண்டபங்களும், பாசி படிந்து, மரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் எல்லாவற்றையும் தாண்டி ஊசியாக மேலே போகும் தூண்தான், சமஸ்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உறவு சொன்ன ஆங்கிலேய நீதிபதி ஜோன்ஸுடையது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

இவருடைய அப்பாவும் ஒரு வில்லியம் ஜோன்ஸ்தான். வட்டக் கணக்கில் வருகிற 'பை' குறியை 1706இல் முதலில் பயன்படுத்திய கணித ஆசிரியர். மகன் 1746இல் லண்டனில் பிறந்தார். வக்கீலாவதற்கு முன்பே 1771இல் பாரசீக இலக்கணம் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். 1783இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்து சேர்ந்தார்.

இந்துக்களுக்கு தர்மசாஸ்திரப்படி, முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்பு என்பது அன்றைய கம்பெனி ஆட்சியின் ஏற்பாடு. சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பண்டிதர்தான் நீதிபதிக்குச் சொல்வார். அவர் சொல்வது சரியா என்று சோதிக்க வழியில்லை. இது ஜோன்ஸை உறுத்தியது. அப்போ நாமே படித்துவிடுவோம் என்று சமஸ்கிருதப் படிப்புக்குப் பேர்போன வங்காளத்து நதியா பக்கம் போனார். பிராமணப் பண்டிதர்கள் அவருக்குச் சொல்லித்தரத் தயங்கினார்கள். வைத்தியர் குலத்து ராம்லோசன் என்பவர் சமஸ்கிருதம் சொல்லித்தந்தார். அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 1786இல் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று, தான் தொடங்கிய ஏசியாட்டிக் சொசைட்டி என்ற ஆராய்ச்சிச் சங்கத்தில் பேசினார். 1789இல் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1794இல் மனு தர்மத்தின் மொழிபெயர்ப்பு. இத்தனைக்கும் கோர்ட் வேலை ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. உடம்புக்கு முடியாமல் மனைவி ஊர் திரும்பிய பிறகும், கையிலெடுத்திருந்த இந்துச் சட்டத் தொகுப்பை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று தங்கியவர் 1794 ஏப்ரலில் கல்லீரல் நோயில் இறந்தார். வயது 47. தொகுப்பை அப்புறம் கோல்புரூக் என்ற கம்பெனி அதிகாரி முடித்தார்.

பசி தாங்கவில்லை. பார்க் சர்க்கஸ் பக்கம் நடந்து ஒரு மட்டன் பிரியாணி. கொல்கத்தா பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு போடுவார்கள். கறியின் சாறெல்லாம் இறங்கி, விரல் பட்டாலே உடைகிற பதத்தில் இருந்தது அந்தக் கிழங்கு. கறியைவிட அதுதான் ருசி, சத்தியமாக! விலையும் நம் ஊர் பெரிய ஹோட்டலைவிடக் குறைவு.

சாப்பிட்டுவிட்டு பார்க் ஸ்ட்ரீட்டின் மறுமுனைக்குத் திரும்பி நடந்தேன். 1784இல் ஜோன்ஸ் தொடங்கிய ஏசியாட்டிக் சொசைட்டி அங்கே இருக்கிறது. ராஜஸ்தானில் கிடைத்த, அசோகரின் பைராட் கல்வெட்டு அங்குதான். பிராமி எழுத்துகளைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது பாக்கியம். ஒரு விஷயம் மட்டும் மனதை அறுத்தது: இந்தியாவைப் பற்றி ஆராய உண்டான அந்தச் சங்கத்தில் 1829 வரை ஓர் இந்தியரைக்கூட உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ராம்லோசன்கள் இல்லாமல் இவர்கள் ஒரு சுலோகம் படித்திருப்பார்களா?

நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜோன்ஸ் சொன்ன அந்த மொழிக் குடும்பத்தில் தமிழும் தெலுங்கும் சேராது, அவை தனிக் குடும்பம் என்று 1816இல் அச்சில் காட்டியவர் சென்னை கலெக்டர் எல்லிஸ். அவர் 1819இல் இறந்தது ராமநாதபுரத்தில். அடுத்த பயணம் அங்கேதான், பஸ் செலவோடு முடிந்துவிடும்.