டீசலும் ஐஸும் போக மிச்சம்: இங்கிலாந்தில் மருத்துவராக என் முதல் கணக்கு

பாம்பனில் விசைப்படகு கரை சேர்ந்ததும் முதலில் நடப்பது கணக்குப் பார்ப்பது. மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு அனைத்தையும் கழித்த பிறகே படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். 2024-இல் எனக்கு இங்கிலாந்தில் வேலை உறுதியானபோது, உறவினர்கள் ஆண்டுச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, படகோட்டியான அப்பா மட்டும், "எல்லாச் செலவும் போக மிச்சம் எம்புட்டுப்பா?" என்று கேட்டார். வெளிநாடு செல்ல நினைக்கும் எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் பலர் என்னிடம் மொத்தத் தொகையையே விசாரிப்பதால், அப்பாவின் கேள்விக்கு நான் கண்ட விடையை எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 45,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டே ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வை எழுதினேன். நான்கு பகுதிகளிலும் 'பி' தரம் தேவை. அடுத்தது பிளாப், வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் இங்கிலாந்தில் பணிபுரியத் தகுதி பெற எழுதும் இரண்டு கட்டத் தேர்வு. 2022 நவம்பரில் சென்னையில் முதல் தேர்வு: மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். இரண்டாம் தேர்வை மான்செஸ்டரில் மட்டுமே எழுத முடியும். 16 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், நோயாளியாக நடிப்பவரிடம் நாம் பேசும் விதமே பெரிதும் மதிப்பிடப்படும். பயணமும் தங்குமிடமும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய் செலவானது. அதில் பாதி அம்மாவின் நகைகளை அடகு வைத்த பணம். அந்நாட்டில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஜி.எம்.சி.யில் பதிவதற்கு, நம்மீது நடவடிக்கை எதுவும் இல்லை என்று ஊர் மருத்துவக் குழுமம் தரும் நன்னிலைச் சான்றிதழ் மூன்று மாதமே செல்லும் என்பதைக் கவனிக்காமல் முன்கூட்டியே வாங்கி, மீண்டும் ஒருமுறை வாங்க நேர்ந்தது. மற்ற ஆவணங்கள் எல்லாம் தயாரான பிறகு அதற்கு விண்ணப்பிப்பதே சரி.

பதிவு கிடைத்தால் வேலை தானே வரும் என்ற நினைப்பே என்னை மிகவும் வருத்தியது. எட்டு மாதங்களில் 214 விண்ணப்பங்கள் அனுப்பினேன். நேர்காணலுக்கு அழைத்தவை நான்கு. தேர்வு எழுதித் தகுதி பெற்றவர்கள் பெருகிவிட்டார்கள், இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கடன் வாங்கிப் புறப்படுவோர், வேலை இல்லாத ஓராண்டுக்கான பணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சேர்ந்த நிலைக்கு 2024-25 ஊதிய அளவில் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 42,008 பவுண்டு. ரூபாயில் 45 லட்சம் என்று ஊரில் பேசினார்கள். மாதத்துக்கு 3,500 பவுண்டு; அதில் 9.8 விழுக்காடு ஓய்வூதியத்துக்கு, வருமான வரி 420 பவுண்டுக்கு மேல், தேசியக் காப்பீடு 196. கைக்கு வருவது சுமார் 2,540 பவுண்டு. வடக்கே ஒரு சிறு நகரில் வீட்டு வாடகையும் கவுன்சில் வரி எனும் உள்ளாட்சி வரியும் 900, குளிர்காலத்தில் மின்சாரமும் எரிவாயுவும் 150, சாப்பாடும் பேருந்தும் 400. மிச்சம் ஆயிரம் பவுண்டுக்குச் சற்றே மேல். இரவுப் பணிக்கான கூடுதல் தொகை தனி. லண்டனில் இதே சம்பளத்தில் வாடகைக்குப் பிறகு மிகக் குறைவாகவே நிற்கும் என்று அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் உதவி மருத்துவரின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் சேரும், சொந்த வீட்டில் இருந்தால் வாடகையும் இல்லை. மிச்சத்தை மட்டும் ஒப்பிட்டால் இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது.

ஆனால், பணத்தில் அடங்காத ஒரு பங்கு இங்கே எனக்குக் கிடைத்தது. பயிற்சி மருத்துவராக ஊரில் 36 மணி நேரம் தூங்காமல் நின்றிருக்கிறேன். அப்படி நின்ற ஒரு விடியற்காலையில் மருந்தின் அளவைத் தவறாக எழுதி, செவிலியர் அக்கா கவனித்துத் தடுத்ததை இன்றும் மறக்கவில்லை. இங்கே வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம், ஒரு பணிமுறை 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டு விடுப்பு 27 நாள். நேரம் கடந்து வேலை பார்த்தால் அதைப் பதிவு செய்து ஊதியமோ ஓய்வோ கேட்கலாம். பணி நெருக்கடி இங்கும் உண்டு. ஆயினும் தூங்கி எழுந்து நோயாளியைப் பார்க்கிறேன்.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைத்து வரும் விசா, அன்றாடத் தேவைக்கே பிறர் பராமரிப்பு வேண்டும், அது சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபித்தால் மட்டுமே கிடைக்கும். அது பெரும்பாலோருக்கு இயலாத காரியம். வருகையாளராக ஆறு மாதம் வரை தங்கலாம். அந்தக் காலத்தில் நோய் வந்தால், பல சிகிச்சைகளுக்கு வழக்கமான விலையின் ஒன்றரை மடங்கு கட்ட நேரிடும் என்பதால் பயணக் காப்பீடு எடுக்காமல் அழைத்து வரக் கூடாது.

அப்பா படகை விட்டு வரக்கூடிய காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் மட்டுமே. சென்ற ஆண்டு அந்த நாட்களில் வந்தவர், என் சம்பளச் சீட்டை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பங்கு மோசமில்லை, அம்மாவோட நகையை மொதல்ல மீட்டுரு" என்றார். நகை மீண்டுவிட்டது. அடுத்த தடைக்காலத்துக்கு இருவருமாக வருகிறார்கள். விமானச் சீட்டையும் காப்பீட்டையும் டீசல், ஐஸ் வரிசையில் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.