கோங்கோராவின் நிரல்நிறை

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழும் மலையாளமும் சேர்ந்தே காதில் விழும். தலைமுடி தொடங்கி பாதம் வரை உறுப்பு உறுப்பாகப் பாடும் கேசாதிபாத வர்ணனை இங்கே யாருக்கும் புதிதில்லை. குருவாயூரப்பனைப் பாடும் நாராயணீயத்தின் கடைசி தசகமே (பத்துப் பாட்டுத் தொகுதியே) அதுதான். அந்தப் பழக்கத்தோடு அலங்காரம் மிகுந்த ஸ்பானிய பரோக் காதல் கவிதைக்குள் போனால் பழகிய வீடு மாதிரி இருக்கும். வழுக்குவதும் அங்கேதான்.

ஸ்பானியக் கவிஞர் லூயிஸ் தே கோங்கோரா 1582இல், தன் இருபத்தோரு வயதில் எழுதிய ‘மியென்த்ராஸ் போர் கொம்பெதீர்’ சானெட்டைப் பாருங்கள். 14 வரி, வரிக்கு 11 அசை, 4-4-3-3 என்று பிரிவு. முதல் எட்டு வரிகளில் நான்கு போட்டிகள்: கூந்தலோடு பொன், நெற்றியோடு லில்லி, உதட்டோடு கார்னேஷன், கழுத்தோடு பளிங்கு. நான்கிலும் ஜெயிப்பவள் கவிஞர் விளித்துப் பேசும் பெண். ஒன்பதாம் வரி ‘அனுபவி’ என்று ஏவிவிட்டு உறுப்புகளை மட்டும் திரட்டுகிறது, ஆனால் வரிசையைக் கலைத்து: கழுத்து, கூந்தல், உதடு, நெற்றி. பதினோராம் வரி பொருள்களைப் பழைய வரிசையிலேயே அடுக்குகிறது. நம் நிரல்நிறை அணிதான். இதற்கு அது இதற்கு இது என்று வாசகரே கோத்துக்கொள்ள வேண்டும். கேசாதிபாதம் உருவத்தைக் கூட்டிக் காட்டும். இங்கே பிரித்துப் போடுகிறார்கள், விலை மதிப்பிட்ட சாமான்களைப் போல.

பிறகு கடைசி வரி. பொன் வெள்ளியாகும் என்பதோடு நிற்காமல், அவளும் இவையெல்லாமும் சேர்ந்து மண்ணாய், புகையாய், தூசியாய், நிழலாய், இன்மையாய்ப் போகும் என்கிறார். ‘என் தியெர்ரா, என் ஊமோ, என் போல்வோ, என் சோம்ப்ரா, என் நாதா.’ (கடைசிச் சொற்கள் நம் காதுக்கு வேறு மாதிரி விழும், சிரிக்காமல் கடக்கவும்.) காற்புள்ளிக்குக் காற்புள்ளி நிறுத்திப் படித்தால் 15 அசை வரும், யாப்பு உடையும். ஒரு சொல்லின் கடைசி உயிரை அடுத்த ‘என்’னோடு புணர்த்த வேண்டும், நான்கு இடத்தில் அப்படிச் செய்தால் சரியாக 11. மூச்சு விட இடமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் முந்தியதை விழுங்குகிறது.

இதை வெறும் ‘இளமை நிலையாது’ என்று படிப்பது பெரிய நஷ்டம். நம் வேல்விழியில் காயம் படுவது ஆணுக்கு. இங்கே உவமைகளைக் கையில் வைத்திருப்பவர் மிரட்டுகிறார்: கொடுத்த பொன்னைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று. இன்னொரு ஸ்பானியக் கவிஞர் கெவேதோ இதே தூசியைக் ‘காதல் கொண்ட தூசி’ ஆக்குவார்; அது தனியாகப் பேச வேண்டியது.

கோங்கோராவின் 1612ஆம் ஆண்டு நெடுங்கவிதை ‘பொலிஃபேமோ’வில் மிரட்டல் நிஜக் கொலையாகிறது. அரக்கன் பொலிஃபேமோ மலை முகட்டைப் பிய்த்து, தான் விரும்பியவளின் காதலன் ஆசிஸ் மேல் எறிகிறான். நசுக்கும் அந்தப் பாறையைக் கவிஞர் அளந்து பார்க்கிறார்: ஈமத்தாழி என்றால் அதிகம், பிரமிடு என்றால் குறைவில்லை. எட்டு வரிப் பாடல் 63 கொண்ட கவிதையில் இது 62ஆவது. கடைசிப் பாடலில், ஆறாக மாறும் ஆசிஸின் வெள்ளை எலும்புகள் ஓடும் வெள்ளியாகிவிடுகின்றன. 1582இல் நரைக்கு வைத்திருந்த அதே வெள்ளி.