சைலண்ட் நைட்டுக்குப் புது ஹார்மனி: இதுவரை எங்கே நிற்கிறோம்

செப்டம்பர் கடைசியில் தொடங்கிய வேலை. 'சைலண்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நான்கு குரலில் நானே ஹார்மனி (மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் துணைக் குரல்கள்) எழுதி, வீட்டிலேயே பதிவு செய்து, கிறிஸ்துமஸுக்கு முன் முடித்துவிட வேண்டும். பாடுகிறவர்கள் எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான்கு பேர். மேல் குரலில் இருந்து கீழ்க் குரல் வரை சொன்னால், சோப்ரானோ பக்கத்துத் தெரு அக்கா, ஆல்டோ என் தங்கை, டெனர் நான், பேஸ் எங்கள் மாமா.

முதலில் எழுதியதை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று சரணத்திலும் மெட்டுக்கு மேலே தனியாகப் போகும் டெஸ்கன்ட் என்ற ஒரு குரல், அசைக்கு அசை ஒரு புதுக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) என்று நிரப்பியிருந்தேன். பதிவைப் போட்டுவிட்டபோது அம்மா அடுப்படியில் இருந்தபடியே கூடப் பாடினார். இரண்டாவது வரியில் விட்டுவிட்டார். நாற்பது வருடமாகப் பாடுகிற பாட்டை அவரால் பிடிக்க முடியவில்லை என்றால் தப்பு என் எழுத்தில்தான்.

அப்புறம் ஒரு வாரம் எழுதவே இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயரை 1957 முதல் 1974 வரை நடத்தியவர் டேவிட் வில்காக்ஸ். 1961-ல் வந்த 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' தொகுப்பில் 'ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்' பாட்டை அவர் எப்படி அமைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஆரம்பச் சரணங்களில் சபை பழகிய ஹார்மனியே வரும். டெஸ்கன்ட் கடைசிக்கு முந்திய சரணத்தில்தான். கடைசிச் சரணத்தில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாட, ஆர்கன் மட்டும் அடியில் கார்டுகளை மாற்றிக்கொண்டே போகும். அந்த மாற்றம் வரும்போது இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. அவ்வளவு நேரம் அவர் காத்திருந்ததால்தான் அந்த இடம் அப்படி ஒலிக்கிறது.

சைலண்ட் நைட்டின் மூலத்தையும் தேடிப் பார்த்தேன். 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கம் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊர். ஜோசஃப் மோர் என்ற குருவானவர் 1816-லேயே எழுதி வைத்திருந்த கவிதைக்கு, ஃப்ரான்ஸ் சேவர் க்ரூபர் மெட்டுப் போட்டார். மோர் டெனர் பாடி கிடாரும் வாசிக்க, க்ரூபர் பேஸ் பாடினார். சரண முடிவைக் குழு திருப்பிப் பாடியது. இவ்வளவுதான் அந்த முதல் ராத்திரி. பாட்டுக்கு அடிப்படையில் மூன்றே கார்டு போதும். டி மேஜர் ஸ்கேலில் 6/8 தாளம், நம் திஸ்ர நடை மாதிரி தொட்டில் அசைவு.

அதனால் மறுபடி எழுதினேன். பழக்கத்தில் பி ஃப்ளாட்டில் எழுதியிருந்ததை டி-க்கு மாற்றினேன். முதல் சரணம் மாமாவும் நானும் கிடாரும் மட்டும். இரண்டாவதில் நான்கு குரலும் வரும், ஆனால் இரண்டே இடத்தில்தான் கை வைத்தேன். இரண்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) வழக்கமான டி மேஜர் கார்டுக்குப் பதில் அடியில் பி மைனர். ஐந்தாவது பாரில் ஜி மேஜருக்குப் பதில் இ மைனர் செவந்த். மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனாலும் அந்த இரண்டு இடத்திலும் ஒரு நிழல் விழுந்து விலகுகிறது. டெஸ்கன்ட் மூன்றாவது சரணத்துக்கு மட்டும்.

பதிவு வேறு கதை. ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆளாளுக்குத் தனித்தனியாகப் பாடினோம். சுருதியும் தாளமும் சரியாக இருந்தும் பாட்டில் உயிர் இல்லை. மெட்டு உச்சிக்கு, மேல் ஜி-க்கு, ஏறுகிற இடத்தில் யாருமே கொஞ்சம் நின்று வர முடியவில்லை. எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 2010-ல் 12 நாடுகளில் இருந்து, அவரவர் தனியாகப் பதிந்த 185 குரல்களை ஆன்லைனில் சேர்த்தபோது, தான் கையசைத்துக் கண்டக்ட் செய்யும் வீடியோவைத்தான் எல்லோருக்கும் அனுப்பினார். நானும் அப்படியே செய்தேன். கிடாரைத் தாளக் கட்டில்லாமல் வாசித்துப் பதிந்து, அதைக் கேட்டபடி கையசைத்து ஃபோனில் வீடியோ எடுத்து, எல்லோரையும் அதைப் பார்த்துப் பாட வைத்தேன். மூச்சு எடுக்கிற இடம்கூட ஒன்றாகிவிட்டது.

அதிக நேரம் தின்றது 'நைட்' என்ற ஒரே சொல். நாம் 'ஐ' என்று வாயைத் திறந்ததுமே 'இ'-க்குப் போய்விடுகிறோம். நான்கு பேரும் நான்கு வேறு கணத்தில் போனால் சுருதி சேர்ந்திருந்தாலும் சேராத மாதிரிதான் கேட்கும். 'ஆ'-விலேயே நின்று, முடிக்கும்போது மட்டும் 'இ'-யைத் தொடுவது என்று வைத்துக்கொண்டோம். கடைசியில் வரும் 'ட்' இன்னொரு தொல்லை. ஒரு குரலை மூன்று முறை பதிந்து அடுக்கியதில் பன்னிரண்டு 'ட்' ஓட்டுக்கூரையில் தூறல் மாதிரி விழுந்தது. இப்போது 'ட்' சொல்வது அக்கா மட்டும், அதுவும் ஒரு டேக்கில் மட்டும். மற்றவர்கள் சொல்லாமலே முடித்துவிடுகிறோம். கேட்டால் நான்கு பேரும் சொன்ன மாதிரியே இருக்கிறது.

இரண்டு சரணம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு இடம் தவிர. அந்த இ மைனர் செவந்தில் பேஸுக்குக் கீழ் இ வைத்திருக்கிறேன். சாயங்காலம் மாமாவுக்கு அது காற்றாகத்தான் வருகிறது. மேலே மாற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். தூங்கி எழுந்ததும் குரல் கீழே இறங்கியிருக்குமாம். அந்த நேரம் தெருவில் பைக் சத்தமும் இருக்காது. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபேனை நிறுத்தி, மைக்கை வைத்துத் தயாராக இருக்கச் சொன்னார்.