வேட்டித் துணியில் மஞ்சள்

ஜூன் 5

தங்கச்சி குழந்தைக்கு இன்று பதினாறாம் நாள். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் அம்மா தினமும் காலை வெயிலில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். எதிர்வீட்டு ஆயா, பெற்றவளுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். போன வாரம் காட்டிய கிளினிக்கில் மொத்த பிலிருபினை, அதாவது ரத்தத்தில் மஞ்சளை உண்டாக்கும் பொருளின் மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு, தானே போய்விடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது துணிதான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுகிறோம். மூத்திரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை, சோப்பு போட்டுக் கும்மியும் போகவில்லை. என் பையனுக்குக் கைக்குழந்தையில் மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கும். இவனுக்கு ஆயும் வெளுத்து, அரிசி மாவு கரைத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 8

துணியைக் கவரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். டாக்டரம்மா அதைத்தான் முதலில் விரித்துப் பார்த்தார். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் டைரக்ட் பிலிருபின், அதாவது ஈரல் பக்குவப்படுத்திய பிறகும் பித்தத்தோடு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும் பங்கைத் தனியாகப் பார்த்தே ஆகவேண்டுமாம். 1-க்கு மேல் போனாலே சந்தேகம். இவனுக்கு 4.2. ஈரலும் வீங்கியிருக்கிறது.

பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், தாய் வயிற்றிலேயே தொற்றிய கிருமியாகவும் இருக்கலாம். அடைப்பென்றால் கசாய் ஆபரேஷன், பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். கசாய் என்பது ஜப்பான் டாக்டர் ஒருவரின் பெயர். அம்மா கஷாயம் என்று நினைத்து நிம்மதியாகிவிட்டாள், பாவம்.

சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூத்திரம் எடுத்தார்கள். 21 நாளுக்குள் எடுத்தால்தான் தாய் வயிற்றில் வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரிக்க முடியுமாம். இன்று பத்தொன்பது.

ஜூன் 12

சிஎம்வி பாசிட்டிவ். ஸ்கேனுக்காக நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்திருந்தோம், அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பித்தப்பை தெரிகிறது, அது நல்ல அறிகுறிதான். ஆனால் கிருமியோடு அடைப்பும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் தினமும் ஆயின் நிறத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தங்கச்சி பால்வாடியில் வேலை செய்கிறாள். சின்னப் பிள்ளைகளின் எச்சில், மூத்திரத்தில் இருக்கும் கிருமி என்று கேட்டதும், "என் வேலையாலதானாக்கா?" என்றாள். நம் ஊரில் பெரும்பாலானோர் உடம்பில் இது ஏற்கெனவே இருக்கும், அது திரும்பக் கிளம்பியும் குழந்தைக்குப் போகும், உன் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நம்பினாளா தெரியவில்லை. கையை அலம்பிக்கொண்டே இருக்கிறாள்.

ஜூன் 27

கிருமிக்கு வால்கான்சைக்ளோவிர் என்ற மருந்து இரண்டு வேளை, ஆறு மாசத்துக்கு. வெள்ளணு குறையக்கூடும் என்று அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். இந்தக் கிருமி காது கேட்பதையும் பாதிக்கலாம் என்பதால் ஒரு காதை மறுபடி சோதிக்க வேண்டுமாம், அதுதான் பயம். டைரக்ட் 2.1-க்கு இறங்கியிருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் முழுக்க ஆய் போட்டோதான். இன்றையது பருப்பு கடைந்த மாதிரி நல்ல மஞ்சள். ஹார்பரில் மச்சான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் போயிருக்கிறது. ஹார்ட் போட்டுவிட்டு, சாம்பார் சாதத்தை முழுசாகச் சாப்பிட்டாராம்.