ஆர்டிஸ் இன்னும் கப்பலில்தான் இருக்கிறான்

வார்ஃப்ரேம் என்ற ஆன்லைன் விளையாட்டில் நம் விண்கப்பலைக் கவனித்துக்கொள்ளும் செயற்கை அறிவான ஆர்டிஸ் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள். விளையாடும் நம்மை 'ஆப்பரேட்டர்' என்று வாஞ்சையாகக் கூப்பிடுவான். பேச்சின் நடுவில் குரல் கிழிந்து வேறொருவன் உறுமுவான். அடுத்த நொடியே பழைய பணிவு. முதலில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். கிரகங்களில் ஒளிந்திருக்கும் செஃபலான் துண்டுகளை (செஃபலான் என்பது ஆர்டிஸ் போன்ற செயற்கை அறிவு) ஸ்கேன் செய்து, விளையாட்டின் தகவல் களஞ்சியமான கோடெக்ஸில் அவற்றின் படங்களின் மேல் கர்சரை மெல்ல நகர்த்தித் தேடினால் மறைந்திருக்கும் பதிவுகள் கிடைக்கும். அந்த உறுமல் யாருடையது என்று அப்போது புரியும்: ஆர்டன் கேரிஸ், ஆர்டிஸாக மாறுவதற்கு முன் அவன் இருந்த கூலிப்படைக்காரன். அதன் பிறகு அவன் 'ஆப்பரேட்டர்' என்றாலே மனசு என்னவோ செய்யும்.

அப்டேட் போட்டுக்கொண்டே நடத்தும் லைவ் சர்வீஸ் விளையாட்டில் பிடித்த பாத்திரத்துக்கு வில்லனைவிடப் பெரிய ஆபத்து அப்டேட்தான். டெஸ்டினி 2 என்ற இன்னொரு விளையாட்டில் கேட்-6 என்ற பாத்திரம் செத்தது 2018-இல் வந்த ஃபர்சேக்கன் என்ற கூடுதல் கதையில். அந்தக் கதையையே 2022 பிப்ரவரியில் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் சேர்த்து. 2024-இல் அவன் திரும்பி வந்தபோது, அவனுக்காக அழுத இடம் புதிதாக வந்தவருக்கு யூடியூபில்தான் கிடைத்தது. வார்ஃப்ரேமில் 2015-இன் 'செகண்ட் ட்ரீம்' கதை இன்றும் இலவசம். அதற்கு முந்தைய நேட்டா குவெஸ்ட்டை முடித்த பிறகுதான் திறக்கும். நான் இதன் பக்கம் நிற்பது இதற்காகத்தான்.

வார்ஃப்ரேமில் ஆரம்பத்தில் தரும் 50 பிளாட்டினத்தில் (விளையாட்டுக்குள் செல்லும் காசு) பெரும்பாலானோர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கப்பலில் இருக்கும் ஃபவுண்டரி என்ற பட்டறையில் ஒரு வார்ஃப்ரேம், அதாவது நாம் இயக்கும் போர் உடல், தயாராக 72 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு உடனே எடுத்தால் 50-உம் காலி. பொறுத்திருங்கள். ஒரு வார்ஃப்ரேமை வைத்துக்கொள்ளும் இடம், அதாவது ஃப்ரேம் ஸ்லாட், 20 பிளாட்டினம். ஆயுத ஸ்லாட் இரண்டு சேர்த்து 12. ஸ்லாட் மட்டும் வாங்குங்கள்.

ரிலிக் கணக்கும் அப்படித்தான். ரிலிக் என்பது ஆட்டத்தில் திறந்து பரிசு எடுக்கும் பொருள். மேம்படுத்தாத இன்டாக்ட் ரிலிக்கில் அரிய பொருள் விழும் வாய்ப்பு 2%. ஆட்டத்தில் சேரும் வாய்ட் டிரேஸ் 100 போட்டு, உச்ச நிலையான ரேடியன்ட் ஆக்கினால் 10%. நாலு பேரும் அதே ரேடியன்ட் ரிலிக்கோடு போனால், யாராவது ஒருவருக்காவது விழ ஏறத்தாழ 34%. விழுந்ததை நால்வரும் எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் போய் டிரேஸை வீணாக்க வேண்டாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கேபிள்காரர் தரும் நெட்டில் ஒரு சிக்கல் வரும். இந்த விளையாட்டில் நால்வரில் ஒருவரின் கம்ப்யூட்டரே ஹோஸ்ட், அதாவது ஆட்டத்தை நடத்துவது. ஸ்ட்ரிக்ட் நாட் (Strict NAT, மற்றவர்கள் உங்களோடு இணைவது தடைபடுகிறது) என்று எச்சரிக்கை வந்தால், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபியை (WAN IP, வெளிப்பக்க முகவரி) பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று அர்த்தம். அப்போது ரவுட்டரில் யூடிபி 4950, 4955 போர்ட்களைத் திறந்தும் பலனில்லை. கேபிள் அண்ணனிடம் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி, அதாவது பப்ளிக் ஐபி, கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் மேட்ச்மேக்கிங்கில் பிங் (இணைப்பின் தாமதம்) வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, வேறொருவர் ஹோஸ்ட் செய்யும் ஆட்டத்தில் சேருங்கள்.

கரன்ட் போனால் தாங்க, ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். தெருமுனைப் பெட்டியில் நெட்டை வீடுகளுக்குப் பிரித்துத் தரும் சுவிட்சுக்கும் பேக்கப் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது அணைந்தால், வீட்டில் ரவுட்டர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.