அமீன் கறுத்தால் ஆலை படுத்துவிடும்

நிலக்கரி அனல்மின் நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதில் வேதியியல் சிக்கல் பெரிதாக இல்லை. அமீன் (அம்மோனியா வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்) கரைசலால் பிடிக்கும் முறைக்கு 1930-லேயே காப்புரிமை வாங்கியாயிற்று. புகையில் 12–14 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அதை 40 டிகிரிக்குக் குளிரவைத்து கோபுரத்தின் அடியில் விட்டு, மேலிருந்து 30 சதவீத எம்.இ.ஏ. (மோனோஎத்தனாலமீன் என்ற அமீன்) கரைசலைப் பொழிந்தால் வாயு கரைசலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிரியும்.

அந்தச் சூட்டுக்குத்தான் காசு. ஒரு டன் வாயுவைப் பிரிக்க எம்.இ.ஏ.வுக்கு 3.5–4 ஜிகாஜூல் நீராவி வேண்டும். டர்பைனிலிருந்து உருவும் நீராவி அது, அதாவது விற்காத மின்சாரம். வேகமாகப் பிரிக்கலாமே என்று நீராவிச் சூட்டைக் கூட்டினால், ரீபாய்லரின் (கரைசலை நீராவியால் சூடாக்கும் கலம்) குழாய்ச் சுவரை ஒட்டியிருக்கும் அமீன் வெந்து சிதையும்.

அதைவிடப் பெரிய எதிரி புகையிலேயே வருகிறது. கந்தக டை ஆக்சைடு அமீனோடு சேர்ந்து உருவாக்கும் உப்பு, என்ன சூடாக்கினாலும் பிரியாது. அந்த அமீன் வேலைக்கு ஆகாது. அதனால் கோபுரத்துக்குள் போகும் புகையில் கந்தக டை ஆக்சைடு 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு, கீழே இருக்க வேண்டும். புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் சுண்ணாம்புக்கல் கோபுரம் (எஃப்.ஜி.டி.) மட்டும் பெரும்பாலும் போதாது; குளிர்விக்கும் இடத்தில் காஸ்டிக் சோடா கழுவலும் தேவை. தப்பி வரும் சாம்பலோ வெப்பப் பரிமாற்றிகளையும் துளிவடிகட்டியையும் அடைக்கும். அதிலுள்ள இரும்பு, அமீன் ஆக்சிஜனேற்றத்தைத் துரிதப்படுத்தும்.

கனடாவின் சஸ்காட்சுவானில் பௌண்டரி டேம் நிலக்கரி மின்நிலையத்தின் மூன்றாம் அலகில் கார்பன் பிடிப்பு ஆலை 2014 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்க வடிவமைத்தது. சாம்பல் அடைப்பும் அமீன் சிதைவும் சேர்ந்து இழுத்ததில் மொத்தம் 40 லட்சம் டன்னைத் தொட 2021 ஆகிவிட்டது. கணக்குப்படி 2018-லேயே தொட்டிருக்க வேண்டும்.

கரைசல் கெடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிய எம்.இ.ஏ. தண்ணீர் மாதிரி இருக்கும். கெட்டது காபி டிகாஷன். கெட்ட கரைசல் நுரைக்கும்; அதனால் கரைசலை அளவு உருளையில் ஊற்றி அடியில் காற்றை விட்டு, நுரை எவ்வளவு உயர்கிறது, நிறுத்தியபின் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று தினமும் குறித்து வைக்க வேண்டும். கோபுரத்தில் நுரை கட்டினால் அழுத்த வித்தியாசம்தான் முதலில் ஏறும். உடனே நுரையடக்கியை ஊற்றுவது தற்காலிகம்தான். மிஞ்சினால் அதுவே நுரை கிளப்பும், கரைசலைச் சுத்தப்படுத்தும் கார்பன் வடிகட்டியையும் அடைக்கும். சாம்பல் எங்கே தப்புகிறது என்று புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் மின்நிலை வீழ்படிவியைப் பார்ப்பதே உருப்படியான வேலை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி.யிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. அந்த நிலையங்களில் கார்பன் பிடிக்க வருபவர், அமீன் கோபுரத்தோடு சுண்ணாம்புக்கல் கோபுரத்துக்கும் சேர்த்தே விலைப்புள்ளி கேட்க வேண்டும்.